தேங்காய் கொடுக்கும் ராஜா: கார்னிவல் மன்றம் என்றால் என்ன?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் தேங்காய்க்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1988ல் மாநில சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டம். ஊர்வல வண்டியிலிருந்து ஒருவர் கையில் கொடுத்த தேங்காயால் யாருக்காவது அடிபட்டால், அதற்காகக் கொடுத்தவர்மேல் வழக்குப் போட முடியாது என்பது அதன் சாரம். ஊரில் அதற்குப் பெயரே 'கோகனட் பில்'.

தென்னை வளராத நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்குத் தேங்காய்ச் சட்டம் எதற்கு? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் ஜூலு என்ற கறுப்பின ஊர்வல மன்றத்தின் கதையைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், கார்னிவல் ஊர்வல மன்றம் என்பது என்ன மாதிரியான அமைப்பு என்பதும் கூடவே விளங்கிவிடும்.

முதலில் கார்னிவல். ஈஸ்டருக்கு முன்னால் வரும் நாற்பது நாள் தவக்காலம் சாம்பல் புதனன்று தொடங்குகிறது. நம்மூர்க் கத்தோலிக்கர்கள் விபூதிப் புதன் என்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ளும் அதே நாள். அன்றிலிருந்து விரதம், கட்டுப்பாடு. அப்படியானால் முந்தின நாள் வரை? தின்று, குடித்து, ஆடித் தீர்த்துவிடுவது. கடைசி நாளான செவ்வாய்க்குப் பிரெஞ்சில் 'மார்டி க்ரா' என்று பெயர், கொழுத்த செவ்வாய் என்று அர்த்தம். நியூ ஆர்லியன்ஸைப் பிரெஞ்சுக்காரர்கள் 1718ல் நிறுவினார்கள். பிறகு ஸ்பெயின் ஆண்டது, பிறகு அமெரிக்கா வாங்கியது. கொழுத்த செவ்வாய் மட்டும் கைமாறாமல் அப்படியே இருந்தது. ஜனவரி 6ம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளில் கொண்டாட்டம் தொடங்கும். ஈஸ்டர் தேதி மாறுவதால் முடியும் நாளும் மாறும், பிப்ரவரி 3க்கும் மார்ச் 9க்கும் இடையில் எந்தச் செவ்வாயாகவும் இருக்கலாம்.

இந்த ஊர்வலங்களை நடத்துவது அரசு என்றுதான் வெளியாட்கள் நினைப்பார்கள். இல்லை. நகராட்சி அனுமதி தரும், போலீஸ் தரும், மறுநாள் தெருவைப் பெருக்கும். அவ்வளவுதான். ஊர்வலத்தை நடத்துவது தனியார் மன்றங்கள். இவற்றுக்குப் பொதுப்பெயர் 'க்ரூ'. கப்பல் பணியாளர் கூட்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்தான், பழைய காலத்துத் தோரணை வரட்டும் என்று வேண்டுமென்றே எழுத்தை மாற்றி எழுதினார்கள். 1857ல் 'மிஸ்டிக் க்ரூ ஆஃப் கோமஸ்' என்ற குழு இந்த எழுத்தைப் புதிதாகப் புனைந்தது. ரகசிய உறுப்பினர்கள், ஒரு கருப்பொருள், அதற்கேற்ற வண்டிகள், தீப்பந்த வெளிச்சத்தில் இரவு ஊர்வலம், கடைசியில் அழைப்பிதழ் உள்ளவர்களுக்கு மட்டும் நடன விருந்து என்ற அமைப்பை நியூ ஆர்லியன்ஸில் நிலைநிறுத்தியதும் அந்தக் குழுதான். பந்தம் பிடித்தவர்கள் கறுப்பின மக்கள், அவர்களில் அடிமைகளும் உண்டு. முகமூடிக்குள் இருந்தவர்கள் ஊரின் வெள்ளைக்கார வியாபாரிகள்.

1872ல் 'ரெக்ஸ்' வந்தது. ரெக்ஸ் என்றால் லத்தீனில் ராஜா. ரஷ்ய இளவரசர் அலெக்சிஸ் அந்த வருஷம் ஊருக்கு வந்திருந்தார், உள்நாட்டுப் போரில் நொந்துபோன நகரத்துக்குச் சுற்றுலாக்காரர்களும் தேவைப்பட்டார்கள். இன்று மார்டி க்ரா என்றாலே நினைவுக்கு வரும் ஊதா, பச்சை, தங்க நிறங்கள் ரெக்ஸ் தந்தவை. ரெக்ஸின் ராஜா அந்தக் காலத்தில் மிசிசிப்பி ஆற்றில் படகில் வந்து இறங்குவார், மேயர் நகரத்தின் சாவியைக் கொடுப்பார். இந்தப் படகை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சரி, பணம்? உறுப்பினர் சந்தாதான். வண்டிமேல் நின்று கூட்டத்தை நோக்கி வீசும் பாசிமணி மாலை, பிளாஸ்டிக் டம்ளர், அலுமினியக் காசு எல்லாவற்றுக்கும் 'த்ரோ' என்று பெயர், அவற்றையும் அவரவர் காசில் வாங்க வேண்டும். ஊர்வல வண்டியில் கம்பெனி விளம்பரம் கூடாது என்று நகராட்சி விதியே இருக்கிறது. ஆக, உலகப் புகழ்பெற்ற இந்தத் திருவிழா, மெக்கானிக்கிலிருந்து வக்கீல் வரை தனிமனிதர்கள் வருஷம் முழுக்கச் சேர்த்த சொந்தப் பணத்தை ஒரே நாளில் ஜனங்கள்மேல் கொட்டுவதுதான். கொட்டுவது மிகையில்லை. 2018ல் செயின்ட் சார்ல்ஸ் அவென்யூவில் ஐந்து பிளாக் தூரத்துக்குச் சாக்கடையைச் சுத்தம் செய்தபோது 46 டன் பாசிமணி வந்தது. நான் அந்த எண்ணை இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

இனி ஜூலு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஆர்லியன்ஸில் ஒரு கறுப்பினத் தொழிலாளியாக இருப்பது எப்படி இருந்திருக்கும்? ரயிலில் கறுப்பருக்குத் தனிப் பெட்டி என்பது சட்டப்படி சரிதான் என்று 1896ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில் 1892ல் கைதான ஹோமர் பிளெஸ்ஸி இதே ஊர்க்காரர், செருப்புத் தைக்கும் தொழிலாளி. ரெக்ஸிலோ கோமஸிலோ கறுப்பருக்கு இடமில்லை. பெரிய தெருக்களில் அவர்கள் பந்தம் பிடிக்கலாம், கழுதை வண்டி ஓட்டலாம், ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கலாம்.

ஊர்வலத்தில் இடமில்லாததை எப்படியோ தாங்கிக்கொள்ளலாம். காய்ச்சல் வந்தாலோ சாவு வந்தாலோ என்ன செய்வது? காப்பீட்டு நிறுவனங்கள் கறுப்பருக்குப் பாலிசி தர மறுத்தன, தந்தாலும் கூடுதல் பணம் கேட்டன. அதனால் அவர்களே சங்கம் வைத்துக்கொண்டார்கள். வாராவாரமோ மாதாமாதமோ சிறு சந்தா. உடம்புக்கு முடியாமல் படுத்தால் சங்கம் கொஞ்சம் பணம் கொடுக்கும், டாக்டருக்கு ஏற்பாடு செய்யும். செத்தால் பேண்டு வாத்தியத்தோடு மரியாதையாக அடக்கம் செய்யும். நம் ஊர்களில் சாவு வீட்டுச் செலவுக்கு என்று நடத்துகிற சங்கத்தை நினைத்துக்கொண்டால் போதும். 'யங் மென் ஒலிம்பியன்' என்ற சங்கம் 1884லிருந்து இன்றுவரை நடக்கிறது. இப்படிப்பட்ட சங்கங்களுக்குப் பொதுப்பெயர் 'சோஷியல் எய்ட் அண்ட் பிளெஷர் கிளப்'. சமூக உதவியும் கேளிக்கையும் ஒரே பெயர்ப்பலகையில். கேட்க விசித்திரமாக இருந்தாலும் அந்த ஊரில் அது இயல்பான ஜோடி. சாவு ஊர்வலத்தில் முன்னால் பேண்டும் குடும்பத்தாரும் போவார்கள், பின்னால் ஊரே ஆடிக்கொண்டு போகும். பின்னால் போகும் கூட்டத்துக்கு 'செகண்ட் லைன்' என்று பெயர். அடக்கம் முடிகிறவரை சோகப் பாட்டு, முடிந்து திரும்பும்போது துள்ளல்.

இந்த மண்ணில் முளைத்ததுதான் ஜூலு. 1909ல் 'தி டிராம்ப்ஸ்', அதாவது நாடோடிகள், என்று பெயர் வைத்துக்கொண்டு கொழுத்த செவ்வாயன்று தெருவில் கும்மாளம் போடும் ஒரு செட்டு இருந்தது. அவர்கள் பிதியன் தியேட்டருக்கு 'ஸ்மார்ட் செட்' என்ற கறுப்பினக் கலைஞர் குழுவின் இசை நகைச்சுவையைப் பார்க்கப் போனார்கள். என்னைப் போல ஒரு ராஜா இருந்ததுமில்லை, இருக்கப்போவதுமில்லை என்கிற பொருளில் தலைப்பு வைத்து, ஆப்பிரிக்காவின் ஜூலு இனத்தைப் பற்றிய ஒரு காட்சி அதில் வந்தது. பார்த்துவிட்டு பெர்டிடோ தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் இருந்த தங்கள் வழக்கமான அறைக்கு வந்தார்கள். அங்கிருந்து வெளியே போனபோது அவர்கள் ஜூலுக்கள். இதுதான் மன்றத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை.

முதல் ராஜா வில்லியம் ஸ்டோரி. அவர் தலையில் பன்றிக்கொழுப்பு விற்கும் தகர டின் கிரீடமாக உட்கார்ந்தது. கையில் வாழைத்தண்டு செங்கோல். ரெக்ஸ் ராஜாவின் கற்கள் பதித்த கிரீடத்தையும் செங்கோலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கிண்டல் புரிந்துவிடும். இது இல்லாதவனின் ஏழை வேஷம் இல்லை, அந்தப் பெரிய வேஷத்தின்மேல் அடித்த பகடி. பிறகு வந்த வருஷங்களில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ரெக்ஸ் மிசிசிப்பியில் கம்பீரமாகப் படகில் வந்தால், ஜூலு ராஜா ஊருக்குள் ஓடிய நியூ பேசின் கால்வாயில் படகில் வந்து இறங்கினார்! 1915ல் முதல் அலங்கார வண்டி: துணிக்கடைப் பெட்டிகளை அடுக்கி மேடை கட்டி, மரத்தில் தொங்கும் பாசியும் பனையோலை மாதிரியான பால்மெட்டோ ஓலையும் சுற்றினார்கள். 1916 செப்டம்பர் 20 அன்று மன்றம் முறைப்படி பதிவானது.

இவர்களுக்கென்று குறிப்பிட்ட பாதை கிடையாது. பெரிய தெருக்கள் இவர்களுக்கு இல்லை, அதனால் கறுப்பினப் பேட்டைகளின் சந்துபொந்துகளில் போனார்கள். எங்கே போவார்கள், எப்போது வருவார்கள் என்பது யாருக்கும் தெரியாது. வண்டிக்குப் பணம் கொடுத்த சாராயக் கடை வாசலில் நிற்க வேண்டும், மரியாதைக்கு ஒரு மடக்கு குடிக்க வேண்டும், அப்புறம் அடுத்த கடை. பணம் கொடுத்தவர்களில் இன்னொரு வகை சவ அடக்க நிலையங்கள். ஜூலு ராஜா தன் ராணிக்கு மதுக்கோப்பை உயர்த்தி வாழ்த்துச் சொன்ன இடமே ஜாக்சன் அவென்யூவில் இருந்த ஒரு சவ அடக்க நிலையத்தின் வாசல்தான். வெளியூர்க்காரனுக்கு இது துர்ச்சகுனமாகத் தெரியலாம். சங்கத்தின் பணத்தில் உறுப்பினர்களை அடக்கம் செய்கிற இடமல்லவா, அவர்களைவிட நெருங்கிய சொந்தம் மன்றத்துக்கு வேறு யார்?

இப்போது தேங்காய். ரெக்ஸ், கோமஸ்காரர்கள் வீசிய கண்ணாடி மாலைக்கெல்லாம் இவர்களிடம் பணமில்லை. பிரெஞ்சு மார்க்கெட்டில் தேங்காய் மலிவாகக் கிடைத்தது. 1910லேயே ஜூலுவின் தேங்காய் பற்றிப் பேச்சு இருக்கிறது. அப்போது குடுமியோடு, நாரோடு, கடையில் வாங்கிய மாதிரியே கொடுத்தார்கள். பிற்பாடு மன்றத்தில் இருந்த ஒரு போர்டு எழுதும் ஓவியர் நாரைச் சுரண்டி வழவழப்பாக்கி வர்ணம் தீட்டினார். அதுவே வழக்கமாகிவிட்டது. இன்று கார்னிவலுக்கு வெகு முன்பே வேலை தொடங்கிவிடும். சுரண்டுவது, கண்ணைத் துளைத்துத் தண்ணீரை வடிப்பது, காயவைப்பது, தங்க வர்ணம் அல்லது கறுப்பு, மேலே பசையில் தோய்த்த மினுமினுப்புத் தூள், ஒரு முகமோ ஜூலு என்ற பெயரோ. இவ்வளவு பாடுபட்டுச் செய்ததால், கூட்டத்தில் பெரிய அதிர்ஷ்டமே ஜூலு தேங்காய் கிடைப்பதுதான். பாசிமணி மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், தேங்காய் கிடைத்தவர் ஊரெல்லாம் காட்டுவார். தண்ணீர் வடித்தாலும் தேங்காய் தேங்காய்தான். மேலிருந்து வீசினால் மண்டை உடையும், உடைந்தும் இருக்கிறது. வழக்குகள் வந்தன. 1987ல் எந்தக் காப்பீட்டு நிறுவனமும் மன்றத்துக்குப் பாலிசி தர முன்வரவில்லை, அந்த வருஷம் தேங்காய் நின்றுபோனது. அதன்பின் வந்ததுதான் அந்த 1988 சட்டம். அதன்படி இப்போது வீசுவது கிடையாது, குனிந்து கையில்தான் கொடுப்பார்கள். காப்பீடு கிடைக்காததால் பிறந்த மரபைச் சேர்ந்த ஒரு மன்றம், எண்பது வருஷம் கழித்து மறுபடி காப்பீடு கிடைக்காமல் தவித்ததை எண்ணிப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வேறென்னவோவும் வருகிறது.

பெர்டிடோ தெருப் பக்கம் வளர்ந்த பையன்களில் ஒருவனுக்கு, வளர்ந்ததும் ஜூலு ராஜா ஆக வேண்டும் என்று ஆசை. பையன் பெயர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங். 1949ல், உலகமே அறிந்த ஜாஸ் மேதையாக, அவர் திரும்பி வந்து ஜூலு ராஜாவானார். 'டைம்' இதழ் தன் அட்டையில் அவர் படத்தைப் போட்டது. வாழ்நாள் கனவு நிறைவேறிவிட்டது, இனிச் சாகத் தயார் என்கிற தொனியில் பேசினார். முகத்தில் கறுப்பு மை, கண்ணையும் வாயையும் சுற்றி வெள்ளை, புல் பாவாடை, சிவப்பு வெல்வெட். அந்தப் படங்களைப் பார்த்து வடக்கிலிருந்த கறுப்பினப் படிப்பாளிகள் பலர் முகம் சுளித்தார்கள். உலகப் புகழ்பெற்ற கலைஞர் வெள்ளைக்காரன் மனசிலிருக்கும் காட்டுமிராண்டிப் படத்தை வேஷமாகப் போடலாமா என்று கேட்டார்கள். ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு அது குழந்தைப் பருவத் தெருவின் ராஜா வேஷம். இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை.

மேடையில் முகத்தில் மை பூசுவது 1909ல் கறுப்பின நடிகர்களே பின்பற்றிய வழக்கம். ஜூலுக்கள் அதை மேடையிலிருந்து எடுத்தார்கள். ஆனால் காலம் மாறியது. 1961ல், உரிமைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தபோது, நியூ ஆர்லியன்ஸின் கறுப்பின மக்களே கையெழுத்து இயக்கம் நடத்திப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். நாம் உரிமைக்காகப் போராடும் நேரத்தில், குடித்துவிட்டுக் காட்டுவாசி வேஷத்தில் தேங்காய் எறிந்துகொண்டு திரியும் இந்த ஊர்வலம் நம்மைக் கேவலப்படுத்துகிறது என்பது அதன் சாரம். அந்த வருஷ ராஜா விலகிவிட்டார். மாற்று ராஜாவின் பெயரை வெளியே சொல்லாமல், போலீஸ் காவலோடு ஊர்வலம் போனது. அந்தப் பத்தாண்டில் உறுப்பினர் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் பதினாறுக்கு இறங்கியது.

பதினாறு பேர் இருந்த மன்றம் எப்படிப் பிழைத்தது? பகடி மட்டும் இருந்திருந்தால் பிழைத்திருக்காது என்பது என் எண்ணம். சந்தா, சாவுச் செலவு, பக்கத்து வீட்டு உறவு என்ற அடிக்கட்டு கலையவில்லை. சட்டம் மாறி, நகரமும் மெல்ல மாறி, 1968ல் ஜூலு ஊர்வலம் முதல்முறையாகச் செயின்ட் சார்ல்ஸ் அவென்யூ, கெனால் தெரு என்ற பெரிய தெருக்களில் போனது. 1973ல் தலைவரான ராய் கிளாப்பியன் ஆசிரியர்கள், தொழில்முனைவோர், பிற இனத்தவர் எல்லோரையும் மன்றத்துக்குள் கொண்டுவந்தார். 1988 வரை அவரே தலைவர். இன்று கொழுத்த செவ்வாய்க் காலையில் ரெக்ஸுக்கு முன்னால் கிளம்பும் ஊர்வலம் ஜூலுவுடையது. பெரிய தெருக்களைச் சுற்றிவிட்டு, கடைசியில் கறுப்பினப் பேட்டைக்குள் போய், மன்றத்தின் வீடு இருக்கும் பிராட் தெருவில் முடிகிறது.

ராஜாவைத் தேர்ந்தெடுக்கும் முறையிலும் ஒரு வேடிக்கை. கோமஸ் மன்றத்தின் ராஜா யார் என்பது கடைசிவரை ரகசியம். ரெக்ஸை உள்வட்டத்துப் பெரியவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். ஜூலு ராஜாவாக வேண்டுமென்றால் உறுப்பினர்களிடம் ஓட்டுக் கேட்க வேண்டும். பிரச்சாரம் உண்டு, விருந்து உண்டு, தோற்றவர் அடுத்த வருஷம் திரும்ப நிற்பதும் உண்டு. ராஜாவோடு 'பிக் ஷாட்' என்று சுருட்டும் தொப்பியுமாக ஒரு பெரிய மனுஷன், 'விட்ச் டாக்டர்' என்ற மந்திரவாதி, 'அம்பாசடர்', 'மிஸ்டர் பிக் ஸ்டஃப்' என்று ஒரு பரிவாரமே வரும். பிக் ஷாட்டின் வேலை, ராஜாவைவிடத் தானே பெரியவன் என்று காட்டிக்கொள்வது.

ரெக்ஸ், கோமஸ் மாதிரியான பழைய மன்றங்களின் கதவு திறக்க இன்னும் நாளானது. 1991 டிசம்பரில் நகரமன்ற உறுப்பினர் டாரதி மே டெய்லர் கொண்டுவந்த விதி, இனம் பார்த்து ஆள் சேர்க்கும் மன்றத்துக்குத் தெருவில் ஊர்வல அனுமதி இல்லை என்றது. ரெக்ஸ் ஒப்புக்கொண்டது. கோமஸ், மோமஸ், புரோட்டியஸ் மூன்றும் ஊர்வலத்தையே விட்டுவிட்டன. புரோட்டியஸ் மட்டும் 2000ல் திரும்பி வந்தது. 1857ல் எல்லாவற்றையும் தொடங்கிவைத்த கோமஸ் அதற்குப் பிறகு தெருவில் ஊர்வலம் விடவில்லை.

முகத்து மை பற்றிய சண்டையும் முடியவில்லை. 2019ல் ஒரு போராட்டக் குழு மையை நிறுத்தச் சொல்லி மன்றத்தின் வாசலில் நின்றது. எங்கள் மை வெள்ளையர் கேலிக்குப் பூசிய மை அல்ல, எங்கள் மரபு என்று மன்றம் அறிக்கை விட்டது. எனக்கு இதில் இரண்டு மனசு. 1909ன் பகடி எனக்குப் புரிகிறது, ஆனால் பகடி செய்யப்பட்ட காட்சி எது என்று தெரியாமல் தெருவோரம் நிற்கும் வெளியூர்க்காரன் அதை வேறு விதமாகத்தான் படிப்பான்.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயலில் நகரம் மூழ்கியது. உறுப்பினர்கள் ஹூஸ்டனுக்கும் அட்லாண்டாவுக்கும் சிதறினார்கள். ஆறு மாதத்தில், 2006 பிப்ரவரி 28 அன்று, ஊரில் பாதி வீடுகளில் ஆளில்லாத நிலையில் ஜூலு ஊர்வலம் போனது. இப்போது கொண்டாட்டமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள்.

அதைவிடப் பெரிய அடி 2020ல். பிப்ரவரி 25 அன்று வழக்கம்போல லட்சக்கணக்கானோர் தெருவில் தோளோடு தோள் உரசி நின்றார்கள். கொரோனா ஏற்கெனவே ஊருக்குள் இருந்தது, யாருக்கும் தெரியாது. அடுத்தடுத்த வாரங்களில் மன்றம் உறுப்பினர்கள் பலரைப் பறிகொடுத்தது. மார்ச் மாதத்தில் பத்துப் பேருக்கு மேல் கூடக்கூடாது என்று அரசு உத்தரவு வந்தது. பேண்டு இல்லை, செகண்ட் லைன் இல்லை. உறுப்பினர் யாரும் அநாதையாகப் போகக்கூடாது என்பதற்காகச் சந்தா கட்டிய மரபு, கல்லறையில் எண்ணிப் பத்துப் பேரோடு நிற்க வேண்டியிருந்தது.

2021ல் நகரத்தில் ஊர்வலமே இல்லை. ஜனங்கள் தங்கள் வீட்டு முகப்பையே அலங்கார வண்டி மாதிரி ஜோடித்து வைத்தார்கள், ஆயிரக்கணக்கான வீடுகள். 2022 மார்ச் 1, செவ்வாய்க்கிழமை, ஜூலு ஊர்வலம் மறுபடி கிளம்பியது. வண்டி மேலிருந்தவர்கள் குனிந்து, நீட்டிய கைகளில் ஒவ்வொன்றாகத் தேங்காயை வைத்துக்கொண்டே போனார்கள்.